வரப்புப் புங்கனும் டிராக்டர் டீசலும்

தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடி வழியாகப் போகும் ஜோலார்பேட்டை–சேலம் ரயில் தடத்தில் இன்று மின்சார இன்ஜின்கள் ஓடுகின்றன. ஊருக்குள் நிலைமை வேறு. மரவள்ளிக் காட்டை உழும் டிராக்டர், பிடுங்கிய கிழங்கைச் சேகோ ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இரவு பகலாக நிலத்தைத் துளைக்கும் போர் வண்டி, கரண்ட் நின்றால் உறுமும் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் டீசல்தான் தீனி. 2023-24இல் இந்தியா எரித்த டீசல் சுமார் 9 கோடி டன். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கப்பலில் வந்து இறங்குகிறது. இந்தச் சுமையைக் குறைக்கவும் புகையைக் குறைக்கவும் பயோடீசல் வழி என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது பொய்யான நம்பிக்கை இல்லை. ஆனால் பயோடீசல் எந்த எண்ணெயில் செய்யப்பட்டது, அந்த எண்ணெய்க்கு எவ்வளவு தண்ணீர் இறைக்கப்பட்டது, அது எவ்வளவு தூரம் பயணப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் நன்மை கூடும், குறையும், சில இடங்களில் நஷ்டமாகவே மாறிவிடும். பொம்மிடி போன்ற வானம் பார்த்த பூமியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், கைவிட வேண்டியது எது, கையில் எடுக்க வேண்டியது எது என்பது தெளிவாகும்.

முதலில் புகையைப் பார்ப்போம். தாவர எண்ணெயோடு மெத்தனாலையும் சிறிது காஸ்டிக் சோடாவையும் சேர்த்து 60 டிகிரிச் சூட்டில் கலக்கினால் எண்ணெயின் மூலக்கூறு உடைகிறது. பழுப்பு நிறக் கிளிசரின் கனத்துக் கீழே படிய, மெல்லிய மஞ்சள் திரவம் மேலே நிற்கிறது. அதைப் பிரித்து, நீரால் கழுவி, ஈரம் போக உலர்த்தினால் அதுதான் பயோடீசல். நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்துப் பதினோரு கிலோ மெத்தனால் செலவாகி, ஏறத்தாழ நூறு கிலோ எரிபொருளும் பத்துக் கிலோ கிளிசரினும் கிடைக்கும். இந்த எரிபொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். பெட்ரோலிய டீசலில் ஆக்சிஜன் கிடையாது. கந்தகமும் பென்சீன் வகைச் சேர்மங்களும் பயோடீசலில் ஏறக்குறைய இல்லை. அதனால் சிலிண்டருக்குள் எரிதல் முழுமையாக நடந்து கரி குறைகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் பல இன்ஜின் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. கலப்பில்லாத பயோடீசலில் நுண்துகள் 47 விழுக்காடும், கார்பன் மோனாக்சைடு 48 விழுக்காடும், எரியாத ஹைட்ரோகார்பன் 67 விழுக்காடும் குறைந்தன. 20 விழுக்காடு கலந்தபோது நுண்துகள் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த எண்களை வெறும் ஆய்வுக்கூடச் செய்தியாகக் கடந்து போக முடியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிறகு டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது, புதிய லாரியிலும் பஸ்ஸிலும் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, பிறகு பயோடீசல் எதற்கு என்பார்கள். புதிய வண்டியைப் பொறுத்தவரை இது பெருமளவு சரி. ஆனால் பொம்மிடி வட்டாரத்தில் உழைப்பவை எல்லாம் புதிய வண்டிகள் இல்லை. 50 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர்களுக்கு அந்த வடிகட்டி கிடையாது. போர் வண்டியின் கம்ப்ரசரிலும் பழைய ஜெனரேட்டரிலும் கிடையாது. தொப்பூர்க் கணவாயில் முதல் கியரில் முக்கி ஏறும் பழைய லாரியிலும் கிடையாது. வடிகட்டி இல்லாத இன்ஜினில்தான் பயோடீசலின் பயன் முழுதாகத் தெரியும். டிராக்டர் ஓட்டுபவர் புகைக்குழாய்க்கு இரண்டு மூன்று முழத்தில், மூடிய அறை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். போர் போடும் இடத்தில் நாலைந்து பேர் விடிய விடிய அந்தப் புகையிலேயே நிற்கிறார்கள். இந்த எரிபொருளால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் இவர்கள் என்பது என் வாதத்தின் ஒரு பாதி.

நைட்ரஜன் ஆக்சைடு கூடுமே என்பது நியாயமான கேள்வி. கூடுகிறது. அதே தொகுப்பாய்வில் கலப்பில்லாத பயோடீசலுக்கு 10 விழுக்காடும், 20 விழுக்காட்டுக் கலவைக்கு 2 விழுக்காடும் கூடியது. கரி பாதியாகக் குறைவதோடு ஒப்பிட்டால் இது சிறிய விலை. ஐந்து, ஏழு விழுக்காட்டுக் கலவையில் அளவிடுவதே கடினம். பழைய இன்ஜினின் ரப்பர்க் குழாய்கள் கெட்டுப்போகும், டேங்கில் படிந்திருந்த கசடு கிளம்பி ஃபில்டரை அடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது அதிக விழுக்காட்டில் கலக்கும்போது வரும் தொல்லை. பங்க்கில் விற்கும் சாதாரண டீசலிலேயே 7 விழுக்காடு வரை பயோடீசல் இருக்க ஐ.எஸ். 1460 தரம் இடம் தருகிறது. 20 விழுக்காடு வரையிலான கலவைக்குத் தனித் தரமே உண்டு. குளிரில் உறைந்துவிடும் என்ற ஐரோப்பியக் கவலை தருமபுரிச் சமவெளிக்குப் பொருந்தாது. பாமாயிலில் செய்த பயோடீசல் மட்டும் 15 டிகிரியை ஒட்டியே மங்கத் தொடங்கும் என்பதால், மார்கழியில் ஏற்காட்டுக்குப் போகும் வண்டியில் அதைக் கலப்பில்லாமல் ஊற்றக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆற்றல் கணக்கு. ஒரு லிட்டர் பயோடீசலில் சுமார் 33 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. டீசலைவிட ஏழெட்டு விழுக்காடு குறைவு, எனவே மைலேஜும் சற்றுக் குறையும். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த லிட்டரைச் செய்ய எவ்வளவு நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு செலவானது என்பது. அமெரிக்க எரிசக்தித் துறையும் வேளாண் துறையும் 1998இல் சோயா பயோடீசலின் முழு வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்தன. ஒரு பங்கு புதைபடிவ ஆற்றலைச் செலவிட்டால் 3.2 பங்கு எரிபொருள் ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது என்றும், பெட்ரோலிய டீசலோடு ஒப்பிட நிகரக் கார்பன் டை ஆக்சைடு 78 விழுக்காடு குறைகிறது என்றும் கண்டன. மெத்தனால் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது என்பதையும் சேர்த்த கணக்கு இது. இந்த 78 விழுக்காட்டை நம் ஊர்ப் பேச்சாளர்களும் அரசு அறிக்கைகளும் சலிக்காமல் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அது அமெரிக்க நடுமேற்கில் பெரும்பாலும் மழையை நம்பி விளையும் சோயாவின் கணக்கு. தருமபுரியின் கணக்கைத் தருமபுரியில்தான் போட வேண்டும்.

அப்படிப் போடாமல் இறங்கியதன் விளைவைத்தான் காட்டாமணக்குத் திட்டத்தில் பார்த்தோம். திட்டக் கமிஷன் அமைத்த குழு 2003இல் தந்த அறிக்கை, 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு பயோடீசல் கலக்க வேண்டும், அதற்கு ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டாமணக்கு நட வேண்டும் என்றது. எந்தத் தரிசிலும் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு மேயாது என்ற மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. தமிழ்நாட்டில் கன்றுகளுக்கு மானியம் கிடைத்தது, தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தச் சாகுபடிக்கு ஆள் சேர்த்தன. 2005இல் வந்த கொள்முதல் கொள்கை லிட்டருக்கு 25 ரூபாய் என்று விலை வைத்தது. அந்த விலைக்குச் செய்து தர ஆளில்லை. பெரே அரிசா-மொண்டொபியோவும் சரத்சந்திர லேலேயும் தமிழ்நாட்டுக் காட்டாமணக்கு விவசாயிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை நிலைமையை மறைக்காமல் சொன்னது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. தண்ணீர் விட வசதி உள்ளவருக்குத்தான் ஓரளவாவது தேறும். ஏழை விவசாயி இன்னும் ஏழையானார். நட்டதும் தரிசில் இல்லை, நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த சொந்தக் காட்டில். வறட்சியில் செடி சாகாது என்பது உண்மை. சாகாமல் நிற்பதும் காய்ப்பதும் ஒன்றாகிவிடாது. இந்த வேறுபாட்டை வேலியில் காட்டாமணக்கு வைத்திருந்த எந்தக் கிராமத்தாரும் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்காமல் மாநிலம் முழுக்கக் கன்று கொடுத்தது பெருந்தவறு.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் காட்டாமணக்குப் பயோடீசலுக்கு உலக சராசரியில் சுமார் 20,000 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று 2009இல் ஒரு டச்சு ஆய்வுக் குழு மதிப்பிட்டது. அந்த எண் மிகை என்று மறுத்தவர்களும் உண்டு. அதில் பெரும்பகுதி மழைநீர் என்றே வைத்துக்கொள்வோம். கால்வாசியை, அதாவது 5,000 லிட்டரை மட்டும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். இந்த மாவட்டத்தில் 650 அடி போர் சாதாரணம். 200 மீட்டர் ஆழத்திலிருந்து அவ்வளவு நீரைத் தூக்க ஏறத்தாழ 10 மெகாஜூல் வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரும் குழாய்களும் சேர்ந்து நாற்பது விழுக்காடு திறனில் இயங்குவதாகக் கொண்டால், மீட்டரில் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரம் ஓடும். ஒரு லிட்டர் பயோடீசலை டிராக்டர் இன்ஜினில் எரித்தால் கிடைக்கும் உருப்படியான வேலையோ 3 யூனிட் அளவுதான். ஏழைக் கொடுத்து மூன்றை வாங்குகிறோம். அந்த ஏழு யூனிட்டும் அனல்மின் நிலையத்திலிருந்து வந்தால், அதற்காக எரிந்த நிலக்கரியின் வெப்பம் அந்த லிட்டர் பயோடீசலின் மொத்த வெப்பத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். விவசாய மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் விவசாயியின் கணக்கில் தெரியாது, எரிபொருள் விலையிலும் தெரியாது. ஆனால் புகையாக வானத்துக்குப் போகிறது, நீராக நிலத்தடியிலிருந்து குறைகிறது. எனவே தருமபுரியில் எரிபொருளுக்கென்று போர்த் தண்ணீர் பாய்ச்சி எந்தப் பயிரை வளர்த்தாலும், அதைச் சுற்றுச்சூழல் நன்மை என்று சொல்லக் கூடாது. இதில் விதிவிலக்குக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் தண்ணீர் இறைக்காமல் கிடைக்கும் எண்ணெய் எது? ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் வரப்பிலும் நிற்கும் புங்கன் கண்முன்னே இருக்கிறது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் இது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்க்கும். முதல் இரண்டு கோடையில் குடம் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிவிட்டால் பிறகு மழை போதும். தட்டையான கெட்டிக் காய்க்குள் பெரும்பாலும் ஒற்றை விதை. காய்களை வெயிலில் காயவைத்துத் தடியால் அடித்து உடைத்தால் செம்பழுப்பில் சுருக்கம் விழுந்த பருப்பு வெளியே வரும். அதில் 27 முதல் 39 விழுக்காடு வரை எண்ணெய் இருந்தாலும், ஊர் எக்ஸ்பெல்லரில் நான்கில் ஒரு பங்குதான் எடுக்க முடியும். கசப்பும் காட்டமான வாசனையும் உள்ளதால் இந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அந்தக் காலத்தில் விளக்குக்கும், இன்று சோப்புக்கும் பூச்சி விரட்டிக்கும் போகிறது. ஆகவே எரிபொருளுக்கு எடுத்தால் யாருடைய சோற்றுத் தட்டிலும் கை வைப்பதாகாது.

ஒரு மரம் ஆண்டுக்கு 9 கிலோ முதல் 90 கிலோ வரை விதை தரும் என்கின்றன வேளாண் நூல்கள். மேல் எண்ணைக் காட்டி ஆசை மூட்டுவதுதான் காட்டாமணக்குக்கு நடந்தது. நாம் 20 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். நூறு மரத்துக்கு 2,000 கிலோ விதை, அதிலிருந்து 500 கிலோ எண்ணெய், சேதாரம் போக 500 லிட்டருக்குச் சற்று மேல் பயோடீசல். மணிக்கு 5 லிட்டர் குடிக்கும் டிராக்டர் அதில் நூறு மணி நேரம் உழலாம். மீதி 1,500 கிலோ பிண்ணாக்கு. புங்கம் பிண்ணாக்கில் நைட்ரஜன் 4 விழுக்காடு என்றால் 60 கிலோ நைட்ரஜன், கிட்டத்தட்ட மூன்று மூட்டை யூரியாவுக்குச் சமம். யூரியா இயற்கை எரிவாயுவைத் தின்று உருவாவது. அதனால் பிண்ணாக்கு காட்டுக்குத் திரும்பும்போது ஆற்றல் கணக்கில் இன்னொரு வரவு சேர்கிறது. மண்ணில் சேரும் கரிமப் பொருள் தனி. எரிபொருளைப் பற்றியே பேசிப் பேசிப் பிண்ணாக்கை மறந்த திட்டங்கள் பாதி லாபத்தைக் கணக்கில் எடுக்காமலே தோற்றவை.

இதில் குறை இல்லாமல் இல்லை. விதை ஊன்றிய மரம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். வரப்பு மரத்தின் நிழல் நிலக்கடலையைக் கெடுக்கும் என்று விவசாயி தயங்குவது நியாயம், ஆகவே முதலில் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் ஏற்கெனவே நிற்கும் மரங்களிலிருந்து தொடங்க வேண்டும். காய் பொறுக்கி உடைக்கக் கூலி அதிகம். தேங்கிய எண்ணெயில் அமிலம் கூடிவிடும் என்பதால் காஸ்டிக் சோடா சேர்க்கும் முன் அமிலத்தால் ஒரு முறை பக்குவப்படுத்த வேண்டியிருக்கும், அது செலவு. எல்லாவற்றையும்விட, சோப்புக்காரர் கூடுதல் விலை கொடுத்தால் எண்ணெய் அவரிடம்தான் போகும். போகட்டும். மரம் வைத்தவருக்கு இரண்டு வாடிக்கையாளர் இருப்பது ஒருவரை நம்பி நிற்பதைவிட மேல், காட்டாமணக்கு விவசாயிக்கு அந்த இரண்டாவது வழி இருக்கவில்லை.

கையருகே இருக்கும் இன்னொரு மூலப்பொருள் பஜ்ஜிக் கடையின் எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, ஓரத்தில் நுரை கட்டும். அதில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பழைய எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பும் திட்டத்தைத் தொடங்கியது. பயிரிட நிலமோ நீரோ உரமோ புதிதாகச் செலவாவதில்லை என்பதால், டீசலோடு ஒப்பிட இதன் கார்பன் சேமிப்பு 80 விழுக்காட்டுக்கும் மேல் என்று ஐரோப்பிய விதிகளே ஏற்கின்றன. கறுத்த எண்ணெய் மலிவு விலையில் இன்னொரு தள்ளுவண்டிக்குப் போய் மறுபடி மனித வயிற்றில் சேர்வது நிற்பது இதைவிடப் பெரிய நன்மை. ஆனால் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள்தான் பதிவேடு வைத்து ஒப்படைக்கக் கட்டாயம். பொம்மிடி அளவுள்ள ஊர்களின் கடைகள் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்பவை. சேலம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓட்டல்களுக்கு வரும் சேகரிப்பு வண்டி இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானால், பேரூர் சிற்றூர்க் கடைகளின் எண்ணெயை ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஆள் வேண்டும்.

இத்தனையும் சேர்ந்தாலும் கடலில் கரைத்த பெருங்காயம்தானே என்று கேட்கலாம். நாட்டு அளவில் அது சரியே. 2019இல் பெட்ரோலிய அமைச்சகம் போட்ட மதிப்பீட்டின்படி பெரிய நுகர்வோரிடமிருந்து திரட்டக்கூடிய பழைய எண்ணெயில் ஆண்டுக்கு 110 கோடி லிட்டர் பயோடீசல் செய்யலாம். நாம் எரிக்கும் டீசல் பத்தாயிரம் கோடி லிட்டருக்கும் மேல், அதாவது ஒரு விழுக்காடு. 2009 கொள்கை கேட்ட 20 விழுக்காடு 2018 கொள்கையில் 2030க்குள் 5 விழுக்காடாக இறங்கியது, அதுவும் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்பப் பாமாயிலை இறக்குமதி செய்தால் நன்மையே தலைகீழாகும். இந்தோனேசியாவின் கரிச் சதுப்புக் காட்டை அழித்துச் செய்த பாமாயில் பயோடீசல், அழிப்பில் வெளியேறிய கார்பனை ஈடுகட்ட நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்று 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. எனவே தேசிய விழுக்காடு என்ற அளவுகோலை விட்டுவிட்டு, ஓர் ஒன்றியத்தின் டிராக்டர்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் எத்தனை மணி நேர எரிபொருள் அந்த ஒன்றியத்திலேயே கிடைக்கும் என்று கேட்பதுதான் பொருத்தம். அந்த அளவில் நூறு மரத்தின் நூறு மணி நேரம் அற்பமானதாகத் தெரியாது.

மின்சார வண்டிகள் வந்துவிட்டால் இதெல்லாம் வீண் என்பதும் யோசிக்க வேண்டிய மறுப்பு. ரயில்வேயே அதற்குச் சான்று. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தியை 5 விழுக்காடு பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்த ரயில்வே, மாற்று எரிபொருளுக்கென்று தனி அமைப்பே வைத்திருந்தது. தடங்கள் மின்மயமானதும் 2021 செப்டம்பரில் அந்த அமைப்பை மூடியது. சரியான முடிவுதான். தண்டவாளத்தின் மேல் கம்பி கட்டலாம். மரவள்ளிக் காட்டின் மேலும், ஊர் ஊராகப் போகும் போர் வண்டியின் மேலும் கட்ட முடியாது. டவுன் பஸ்ஸும் இருசக்கர வண்டியும் பேட்டரிக்கு மாறட்டும். இன்று வாங்கிய டிராக்டர் இன்னும் பதினைந்து இருபது ஆண்டு உழும். அந்த இடைக்காலம் முழுவதும் அதன் புகையை யாரோ சுவாசிக்கத்தான் வேண்டும்.

நடைமுறைக்கு முன்மாதிரி நமக்கு வெகு தூரத்தில் இல்லை. அன்றைய ஆந்திரத்தின் அதிலாபாத் மாவட்டத்துப் பவர்குடா என்ற பழங்குடிக் கிராமத்தில், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் புங்க விதை திரட்டி எண்ணெய் ஆட்டின. 2003இல் அந்தக் கிராமம் 147 டன் கார்பன் டை ஆக்சைடு குறைப்பை உலக வங்கிக்கு 645 டாலருக்கு விற்றது. பெரிய தொகை இல்லை, ஆனால் கிராமத்தார் கைக்கு நேராக வந்த தொகை. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்து மடேனூரில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் உயிரி எரிபொருள் பூங்கா, வரப்பு ஓரத்தில் புங்கன், வேம்பு, இலுப்பை என்று கலந்து வளர்த்து விதை சேர்க்கும் முறையைப் பரப்பியது. விளைநிலத்தை விட்டுக்கொடுக்காமல் ஓரத்தைப் பயன்படுத்தும் இந்த முறை தருமபுரியின் சிறு விவசாயிக்கும் பொருந்தும்.

பொம்மிடியில் இதைத் தொடங்க முதலில் வேண்டியது மரக் கணக்கு. பொது இடத்துப் புங்கன்கள் எத்தனை, காய் எடுக்கும் உரிமை யாருக்கு என்பதை ஊராட்சி எழுதி வைத்து, அந்த உரிமையை ஏலம் எடுப்பவருக்கு விடாமல் மகளிர் குழுவுக்கே தர வேண்டும். அடுத்தது தரம். மெத்தனாலோ கிளிசரினோ மிச்சம் நிற்கும் அரைகுறைச் சரக்கு ஒரு டிராக்டரின் இன்ஜெக்டரைக் கெடுத்தால், அடுத்த பத்தாண்டுக்கு அந்த வட்டாரத்தில் பயோடீசல் என்ற பேச்சே எடுபடாது. அதனால் ஊரில் எண்ணெய் ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, மெத்தனால் கையாளும் வேலையை ஐ.எஸ். 15607 தரச் சோதனை வசதியுள்ள ஆலையிடம் விடுவது நல்லது. நஞ்சும் தீப்பிடிக்கும் குணமும் உள்ள மெத்தனாலைக் குடிசைத் தொழிலாக்கக் கூடாது. எண்ணெய் ஆலைக்குப் போகும் லாரியிலேயே கலவை டீசல் திரும்பி வரலாம். பிண்ணாக்கு மட்டும் ஊரை விட்டுப் போகவே கூடாது.